பார்மட் அடிக்கும் முன்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. பத்து வருடங்கள் புழக்கத்தில் இருந்த இயங்குதளம் அது. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்ட ஒபிஸில் செக்ரோல் போடும் கணினிக்கும், காவத்தையில் உள்ள கொமியூனிகேஷன் கடையின் கணினிக்கும், தெரணியகலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளையின் லெப்டொப்புக்கும் அன்றிலிருந்து ஒரே கேள்விதான். விண்டோஸ் 11க்கு ஏறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? ஏறியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு பிரச்சினையும் வருவதில்லை. சிலருக்கு மட்டும், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி இன்று பாதி வேலையில் நின்றுபோகிறது, தானாக அணைந்து அணைந்து எழுகிறது, அல்லது எழும்பவே மறுக்கிறது.

அந்தச் சிலர் கணினியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள். திருத்தும் கடையில் அநேகமாகக் கிடைக்கும் பதில், "பார்மட் அடிச்சிட்டா சரியாயிரும்." சரியாகத்தான் ஆகிறது. ஆனால் பிள்ளையின் ஜி.ஐ.டி. பாடக் குறிப்புகள், கல்யாணப் படங்கள், சேமலாப நிதிக்காக ஸ்கேன் செய்து வைத்த கடிதங்கள், பல மாதத்துச் சம்பளக் கணக்கு ஆகியவையும் அதோடு போய்விடுகின்றன. தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்ற கணக்கில்தான் அவருடைய சம்பளமும் சேமலாப நிதியும் தங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கு இருக்கும் கணினியை, விழுந்த காரணத்தைக் கேட்காமலே துடைத்தெடுப்பது பெரிய தவறு. அதுவும் அநேகமாகத் தேவைப்படாத தவறு. அப்கிரேட்டுக்குப் பிறகு விழும் கணினி, ஏன் விழுந்தேன் என்ற குறிப்பை எங்காவது எழுதிவைத்திருக்கும். அதை வாசிப்பது ஒன்றும் கஷ்டமான வித்தையல்ல.

முதலில், ஏன் விழுகிறது என்று பார்ப்போம்.

திரைக்கு, வை-ஃபைக்கு, ஒலிக்கு, பிரிண்டருக்கு என்று கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் டிரைவர் என்ற சிறிய மென்பொருள் உண்டு. தோட்டத்துக் கங்காணியின் வேலைதான் அதற்கும். துரையின் கட்டளையை மலையில் நிற்கும் தொழிலாளரிடம் கொண்டுபோகும், அங்கு நடந்ததைத் துரையிடம் வந்து சொல்லும். துரை மாறிப் புதியவர் வேறு முறையில் கட்டளை போடத் தொடங்கினால், பழைய முறைக்குப் பழகிய கங்காணி எங்கோ ஓரிடத்தில் பிழையாக விளங்கிக்கொள்வார். இயங்குதளம் மாறும்போது டிரைவருக்கு நேர்வதும் இதுதான்.

இந்தப் பிழை முழுக் கணினியையும் நிறுத்துவதற்குக் காரணம் டிரைவர்களில் பல இயங்கும் இடம். அவை கெர்னல் எனப்படும் மிக உள்ளடுக்கில் இயங்குகின்றன. தட்டச்சு மென்பொருளோ பாட்டுப் போடும் மென்பொருளோ பிழைத்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளடுக்கில் பிழை நேர்ந்தாலோ, நினைவகத்திலும் வட்டிலும் உள்ள எதையும் அது கெடுத்துவிடலாம். அதற்கு இடம்கொடாமல் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அப்போது தோன்றுவதுதான் நீலத்திரை. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அதன் நிறம் கறுப்பு. பார்க்கப் பயமாக இருந்தாலும், பயனரின் கோப்புகளைக் காப்பாற்றவே அது வருகிறது.

இது உலகின் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. 1998 ஏப்ரல் 20ஆம் திகதி சிக்காகோவில் நடந்த கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் கிறிஸ் கபொசெல்லா அப்போது வெளிவர இருந்த விண்டோஸ் 98ஐ விளக்கிக்கொண்டிருந்தார். எதைச் செருகினாலும் புதிய விண்டோஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்ட ஒரு ஸ்கேனரைச் செருகினார். பெரிய திரை நீலமானது. இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்தின் மேடையிலேயே கணினியை விழுத்தியது, வெளியிலிருந்து செருகிய ஒரு சாதனம்.

கொமியூனிகேஷன் கடைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் 2021 மார்ச் மாதத்தில் நடந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டைப் போட்ட கணினிகள், கியோசெரா, ரிக்கோ, சீப்ரா போன்ற சில பிரிண்டர்களுக்கு 'பிரிண்ட்' கொடுத்த கணத்தில் நீலத்திரை காட்டி விழுந்தன. பிரிண்டரிலும் கோளாறில்லை, கணினியிலும் கோளாறில்லை. அப்டேட்டும் பிரிண்டர் டிரைவரும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் மைக்ரோசொஃப்ட் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை பொறுக்க முடியாதவர்கள் அந்த ஓர் அப்டேட்டை மட்டும் நீக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது சிக்கல் வட்டில் இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.770, எஸ்.என்.580 ஆகிய எஸ்.எஸ்.டி.களின் 2 டெராபைட் வகைகள் கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி வேலை செய்பவை. பழைய விண்டோஸ் அவற்றுக்கு 64 மெகாபைட் கொடுத்தது. புதிய பதிப்பு 200 வரை கொடுத்தது. அந்தத் தாராளத்தைத் தாங்காமல் கணினிகள் விழுந்தன. எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் ஃபேர்ம்வேர் மென்பொருளைப் புதுப்பித்ததும் பிரச்சினை தீர்ந்தது.

பார்மட் தேவையில்லை என்பதற்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய சான்று 2024 ஜூலை 19. அது இயங்குதள அப்கிரேட் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய அப்டேட்டில் இருந்த பிழை. ஆனால் விழுந்த விதம் ஒன்றே: கெர்னலுக்குள் ஒரு கோளாறு. மைக்ரோசொஃப்டின் கணிப்பின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்களும் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் நிலைகுலைந்தன. அவற்றை எழுப்பிய வழி என்ன? பாதுகாப்பு முறை எனப்படும் சேஃப் மோடில் கணினியைத் திறந்து, பெயர் தெரிந்த ஒரேயொரு கோப்பை அழித்துவிட்டு, மீண்டும் இயக்குவதுதான். ஒரு விமான நிலையக் கணினி அந்த ஒரு கோப்பை அழித்ததும் எழும்ப முடியுமானால், எட்டியாந்தோட்டையில் ஒரு பிள்ளையின் லெப்டொப்பையும் துடைக்காமல் எழுப்ப முயன்றுதான் பார்க்க வேண்டும்.

இனி, சப்ரகமுவவுக்கே உரிய சில காரணங்கள்.

ஒன்று மின்சாரம். ஒரு பெரிய விண்டோஸ் அப்கிரேட் ஒரே மூச்சில் முடிவதில்லை. நான்கு கட்டங்களாக, இடையில் பலமுறை மறுதொடக்கம் செய்து நடக்கிறது. பழைய வட்டும் குறைந்த நினைவகமும் உள்ள கணினியில் அது பல மணித்தியாலங்கள் இழுக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால், பெரும்பாலும் விண்டோஸ் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஆனால் எப்போதும் அப்படி நடக்கும் என்று உத்தரவாதமில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நெருக்கடி தீர்ந்த பிறகும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அதைத் தொடர்ந்து நுரைச்சோலை அனல்மின் நிலையம் செயலிழந்ததால் அடுத்த நாட்களிலும் சுற்று முறையில் மின்வெட்டு நடந்தது. இதெல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவானது. மரம் முறிந்து கம்பியில் விழுந்து ஒரு டிவிஷனே இருட்டாவது தோட்டத்தில் தனிக் கணக்கு. ஆகவே அப்கிரேட்டை யூ.பி.எஸ். உள்ள கணினியில், அல்லது முழுதாகச் சார்ஜ் ஏறிய லெப்டொப்பில், மழை இல்லாத பகலில் தொடங்குவதே நல்லது.

இரண்டாவது இடி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடி கடுமையானது. மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும் திடீர் மின்பாய்ச்சல் கணினியை உடனே கொல்லாமல், மதர்போர்டையோ ரேமையோ அரைகுறையாகப் பழுதாக்கிவிட்டுப் போகலாம். சும்மா வேலை செய்யும்போது அந்தப் பழுது தெரியாது. அப்கிரேட் நடக்கும்போது நினைவகம், வட்டு, செயலி மூன்றும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். அப்போது பழுது வெளிப்படும், பழி விண்டோஸ் 11மீது விழும். யூ.பி.எஸ். இருந்தாலும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையும் தொலைபேசி வயரையும் கழற்றிவிட வேண்டும். நேரடி மின்னலை எந்த யூ.பி.எஸ்.ஸும் தடுக்காது.

மூன்றாவது தூசி. தேயிலைத் தொழிற்சாலை ஒபிஸில் இருக்கும் கணினியின் விசிறியைக் கழற்றிப் பார்த்தால் தேயிலைத் தூசியும் ஈரமும் சேர்ந்து படிந்திருக்கும். விசிறி அடைத்தால் செயலி சூடாகும். அளவு மீறிச் சூடானால் கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துவிடும். நீலத்திரை வராமல், ஸ்விட்ச் போட்டது போல் 'டப்' என்று அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டையும் பவர் சப்ளையையும்தான். ஒரு தூரிகையும் கொஞ்சம் பொறுமையும் சில நேரம் போதும்.

கணினி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, கைபேசியால் திரையைப் படம் பிடிப்பது. அதில் 'ஸ்டாப் கோட்' என்று ஒரு வரி இருக்கும். சில நேரம் சிஸ் என்று முடியும் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அந்தக் கோப்பின் பெயர் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி, ஏனென்றால் எந்த டிரைவர் என்பதை அதுவே சொல்லிவிடும். 'மெமரி மெனேஜ்மண்ட்' என்று அடிக்கடி வந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும். 'வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்' என்றால் திரையட்டையின் டிரைவர். 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்றால் வட்டை விண்டோஸால் அணுக முடியவில்லை. வட்டு செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பல நேரங்களில் வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவரோ பயோஸ் அமைப்போ மாறியதுதான் காரணம்.

அடுத்து, பிரிண்டர், பென் டிரைவ், டொங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, விசைப்பலகையும் மவுஸும் மட்டும் வைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும். சிக்காகோ மேடையின் பாடம் இதுதான். அப்படியும் எழும்பவில்லையென்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்தி அணைத்து, இப்படி மூன்று முறை செய்தால், பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அங்கிருந்து 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய் சேஃப் மோடைத் திறக்கலாம். சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். அதில் கணினி அமைதியாக ஓடினால் குற்றவாளி டிரைவரோ பின்னால் போட்ட மென்பொருளோதான். அதிலும் விழுந்தால் ரேம், வட்டு, சூடு பக்கம் திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். திருத்தும் கடையில் இதைச் செய்தார்களா என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

கணினி எழும்பிவிட்டால் 'ரிலையபிலிட்டி மொனிட்டர்' என்ற பகுதியைத் திறந்து பார்க்கலாம். எந்த நாளில் என்ன நிறுவப்பட்டது, எந்த நாளில் என்ன விழுந்தது என்பதை நாட்காட்டி போல வரிசையாக, சிவப்புக் குறியோடு காட்டும். அப்கிரேட் ஆன நாளுக்கும் முதல் சிவப்புக் குறிக்கும் இடையில் என்ன மாறியது என்று பார்த்தாலே அநேகமாக விடை தெரியும். 'டிவைஸ் மெனேஜர்' வழியாக அந்தச் சாதனத்தின் டிரைவரைப் பழையதற்குத் திருப்பலாம், அல்லது தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை எடுத்துப் போடலாம். எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தத்தில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை மட்டும் தொடவே வேண்டாம். இருக்கும் சிக்கலோடு புதிய சிக்கலையும் கொண்டுவருபவை அவை.

பலரும் அறியாத ஒரு வசதி இருக்கிறது. அப்கிரேட் முடிந்த பிறகு கணினி பழைய விண்டோஸை 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறையில் பத்து நாட்களுக்கு அப்படியே வைத்திருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் உள்ள 'ரிகவரி' பகுதிக்குப் போய் 'கோ பேக்' கொடுத்தால், சொந்தக் கோப்புகள் போகாமல் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இடைக்காலத்தில் போட்ட மென்பொருள்களை மட்டும் மீண்டும் போட வேண்டியிருக்கும். வட்டில் இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையை அழித்துவிட்டால் இந்த வழி அடைபடும். அப்கிரேட் செய்து ஒரு வாரத்தில் தொல்லை கொடுக்கும் கணினிக்கு பார்மட் சொல்லும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாம் தோற்றுப் பார்மட்டே முடிவு என்றாலும் தரவை முதலில் வெளியே எடுக்கலாம். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டலாம். அல்லது பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். ஒரு கவனம்: புதிய லெப்டொப்களில் வட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். கணக்கின் கடவுச்சொல் மறந்து, அதை மீட்கவும் முடியாமல் போனால் எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. லெப்டொப்பைக் கடையில் வாங்கிய அன்றே வேறு யாருடைய மின்னஞ்சலிலோ கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், அதை இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்.

விழாத கணினி ஒன்றும் சில நேரம் வேலையை நிறுத்திவிடும். விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. டோஸ் காலத்து 16 பிட் மென்பொருள்கள் அதில் ஓடா. பழைய கணக்கு மென்பொருளை இன்னும் நம்பியிருக்கும் ஒபிஸ், அப்கிரேட் பட்டனை அழுத்தும் முன் இதைக் கேட்டறிய வேண்டும். பத்தாம் திகதிக்குள் சம்பளம் கொடுக்க வேண்டிய கிளாக்கர், ஒன்பதாம் திகதி இரவில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

இவ்வளவு தொல்லை இருப்பதால் அப்கிரேட்டே வேண்டாம் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவின் விலையை இலங்கை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் லங்கா கவர்ன்மண்ட் கிளவுட் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாதபடி போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருள், அதன் ஆதரவு அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. புதுப்பிக்கும் திட்டம் முன்பே இருந்தும் நிதி உட்பட்ட காரணங்களால் தள்ளிப்போனது. தொலைந்த அந்த மாதங்களுக்கான பிரதியும் கையில் இருக்கவில்லை. இரண்டு தவறும் சேர்ந்ததால்தான் இழப்பு முழுமையானது.

தோட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய கணினிகள். கணினி அறிவு பற்றிய தொகைமதிப்புத் திணைக்களத்தின் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்ற மூன்றில் தோட்டமே கடைசியில் நிற்கிறது. பிரஜாசக்தி நிலையங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் முதன்முதலாக மவுஸ் பிடித்த தலைமுறை, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டாம் கைக் கணினியைத்தான். விண்டோஸ் 11 கேட்பதோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும். இவை இல்லாத கணினியில் குறுக்குவழியால் போட்டுத் தரும் கடைகளும் உண்டு. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்கவில்லை. கோர் 2 காலத்துக் கணினியில் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது.

அப்படியான பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. தனிநபர் கணினிகளுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. மற்றது லினக்ஸ். லினக்ஸ் மின்ட் போன்றவை 4 ஜீ.பி. ரேம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். லிப்ரே ஒபிஸ் கூடவே வரும். யூனிகோட் தமிழ் அதில் சிக்கலில்லாமல் எழுதலாம், பாமினியில் அடித்த பழைய கடிதங்களுக்கும் அந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். பாடம், கடிதம், இணையம் இவை மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கு அதுவே தாராளம்.

விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு 5 ஜீ.பி.யைத் தாண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக டேட்டா செலவழிக்காமல், மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து ஒருமுறை 8 ஜீ.பி. பென் டிரைவில் இறக்கி வைத்தால் ஒரு லயத்துக்கே போதும். அதற்கு முன்னால் இன்னொரு பென் டிரைவில் சொந்தக் கோப்புகளின் பிரதி இருக்க வேண்டும். 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 அப்கிரேட், சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டதால் நான்கு நாட்களில் நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்று மைக்ரோசொஃப்ட் சொன்னது. அந்த ஒருவருக்கு அது முழு இழப்பு.

சப்ரகமுவ டவுன்களில் கணினி திருத்தும் இளைஞர்களில் பலர் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கணினியோடு வரும் அம்மாவிடமோ ஐயாவிடமோ "உள்ளுக்கு முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். திரையில் என்ன எழுத்து வந்தது என்று விசாரியுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை திறந்து பாருங்கள், கோப்புகளைப் பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் பார்மட் அடியுங்கள்.